எறிபொருள் இயக்கம்: தாளின் நடுவே ஒரு கோடு போட்டுத் தொடங்குங்கள்

எறிபொருள் கணக்கில் தடுமாறும் மாணவர்களின் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பக்கத்தின் மேலே நான்கு சூத்திரங்கள் வரிசையாக இருக்கும்: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம், பாதையின் சமன்பாடு. நான்கும் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் கேள்வியில் பந்து தரையிலிருந்து கிளம்பாமல் ஒரு மாடியிலிருந்து கிளம்பினால் அந்த நான்கில் இரண்டு பொருந்தாமல் போய்விடும். எந்த இரண்டு என்று மனப்பாடம் செய்தவருக்குத் தெரியாது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். இந்தப் பாடத்தை எடுக்கும்போது அந்தச் சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதுவதை முடிந்தவரை தள்ளிப்போடுவேன். முதலில் எல்லோரையும் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடச் சொல்வேன். இடப்பக்கம் 'கிடைத்தளம்' என்று தலைப்பு. வலப்பக்கம் 'செங்குத்து'. நடுக்கோட்டின் மேலேயே 'நேரம்' என்று எழுதச் சொல்வேன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான், அதனால்தான் அதற்கு அந்த இடம். இந்தப் பாடத்தில் வரும் எல்லாக் கணக்கையும் இந்த ஒரு தாளை வைத்தே போட்டுவிடலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கையை விட்ட பிறகு பந்தின் மேல் என்ன விசை?

கணக்குக்கு முன்னால் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இங்கே குழப்பம் இருந்தால் பிறகு எதுவும் நிற்காது.

சாய்வாக மேலே எறிந்த ஒரு பந்தின் பாதையை வரையுங்கள். அதில் மூன்று புள்ளிகள் வையுங்கள்: ஏறும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஒவ்வொரு புள்ளியிலும் பந்தின் மேல் செயல்படும் விசையை அம்புக்குறியால் காட்டுங்கள். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஏறும் புள்ளியில் பலர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள். "கை எறிந்த விசை இன்னும் இருக்கிறதே" என்பார்கள். இல்லை. கைக்கும் பந்துக்கும் தொடர்பு விட்ட அந்தக் கணத்தோடு கையின் விசை முடிந்துவிட்டது. பந்திடம் மிச்சமிருப்பது வேகம். வேகம் இருக்க விசை தேவையில்லை, வேகம் மாறுவதற்குத்தான் விசை வேண்டும். நியூட்டனின் முதல் விதி சொல்வது இதைத்தான். ஆக, மூன்று புள்ளிகளிலும் ஒரே ஒரு அம்புதான்: நேர் கீழே, ஒரே நீளத்தில், புவியீர்ப்பு விசை.

இந்த மேல்நோக்கிய அம்பை விட்டொழிப்பது எளிதில்லை. பெரிய ஆட்களே நெடுங்காலம் அதில் சிக்கியிருந்தார்கள். இத்தாலியின் கணித அறிஞர் டார்டாக்லியா 1537இல் வெளியிட்ட நூலில் பீரங்கிக் குண்டின் பாதையை வரைந்தபோது, முதலில் நேர்கோடு, நடுவில் ஒரு வட்டவில், கடைசியில் நேராகக் கீழே விழும் கோடு என்று மூன்று துண்டாகத்தான் வரைந்தார். எறிந்த உந்துதல் தீரும்வரை நேராகப் போகும், தீர்ந்ததும் விழும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாதை முழுவதும் ஒரே பரவளையம் என்று கலிலியோ காட்டிய நூல் 1638இல்தான் வெளிவந்தது. உங்கள் கை தானாக மேல்நோக்கி அம்பு போட்டால் மனம் தளர வேண்டாம். அழித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

விசை கீழே மட்டும்தான் என்பதால் முடுக்கமும் கீழே மட்டும்தான். பக்கவாட்டில் விசை இல்லை, அதனால் பக்கவாட்டு வேகம் மாறாது. தாளை இரண்டாகப் பிரிக்க நமக்கு உரிமை கிடைப்பது இங்கேதான்.

இரண்டு நாணயம், ஒரு சத்தம்

சொன்னதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரு ஸ்கேலை மேசை ஓரத்தில் சாய்வாக வையுங்கள். ஒரு முனை மேசை மேல் இருக்கட்டும், மறுமுனை ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கட்டும். மேசை மேலிருக்கும் முனையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வெளியே நீளும் முனையில் ஒரு நாணயம். ஸ்கேலுக்கும் மேசை ஓரத்துக்கும் நடுவே ஒரு முக்கோண இடம் கிடைக்கும் அல்லவா, அங்கே ஸ்கேலை ஒட்டி இன்னொரு நாணயம். இப்போது நீளும் முனையை அந்த முக்கோணத்தின் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள்.

ஸ்கேல் அடியிலிருந்து விலகியதால் முதல் நாணயம் நேராகக் கீழே விழும். மற்றொன்று தட்டு வாங்கிக்கொண்டு தூரமாகப் பாயும். கண்ணால் பார்த்தால் எது முதலில் விழுந்தது என்று பிடிபடாது. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தரையில் ஒரே ஒரு 'டக்' கேட்கும். இன்னும் பலமாகத் தட்டுங்கள். நாணயம் இன்னும் தூரம் போகும், சத்தம் அப்போதும் ஒன்றுதான்.

தூரமாகப் போன நாணயம் நீண்ட பாதையில் போனது, அதனால் அதிக நேரம் எடுத்திருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். விழும் நேரத்தை முடிவு செய்வது வலப்பக்கம் மட்டும்தான்: எவ்வளவு உயரம், தொடக்கத்தில் செங்குத்தாக எவ்வளவு வேகம். இரண்டு நாணயத்துக்கும் உயரம் ஒன்று, தொடக்கச் செங்குத்து வேகம் பூஜ்யம். இடப்பக்கத்தில் என்ன நடந்தாலும் வலப்பக்கத்துக்கு அது தெரியாது. நாணயங்களின் எடை வேறாக இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ஈர்ப்பு முடுக்கம் நிறையைப் பொறுத்ததில்லை. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்றில்லாத அங்கே இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

தாளில் என்ன எழுத வேண்டும்?

இடப்பக்கத்துக்கு ஒரே ஒரு சமன்பாடு போதும்:

கிடைத்தளத் தொலைவு = கிடைத்தள வேகம் × நேரம்

வலப்பக்கத்துக்கு நீங்கள் ஏற்கெனவே படித்த இயக்கச் சமன்பாடுகள்தான், புதிதாக எதுவும் இல்லை. மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று வைத்துக்கொண்டால்:

செங்குத்து இடப்பெயர்ச்சி = தொடக்கச் செங்குத்து வேகம் × நேரம் − ½ × ஈர்ப்பு முடுக்கம் × நேரம்²

அந்த நேரத்தில் செங்குத்து வேகம் = தொடக்கச் செங்குத்து வேகம் − ஈர்ப்பு முடுக்கம் × நேரம்

ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². கையால் போடும் கணக்குகளில் 10 என்றே வைத்துக்கொள்கிறேன். விழும் நேரத்தில் இதனால் வரும் பிழை ஏறக்குறைய 1 விழுக்காடுதான். தேர்வில் 9.8 என்று கொடுத்திருந்தால் 9.8ஐத்தான் போட வேண்டும். அப்புறம் இன்னொன்று: எழுதும் வசதிக்காக நான் 'வேகம்' என்கிறேன். திசையும் சேர்ந்தது என்பதால் விடைத்தாளில் 'திசைவேகம்' என்றே எழுதுங்கள்.

மேல் எது, கீழ் எது என்ற குறியைக் கணக்கின் நடுவில் மாற்றவே கூடாது. ஏறும்போது ஈர்ப்பு கழித்தல், இறங்கும்போது கூட்டல் என்று சிலர் மாற்றுவார்கள். ஈர்ப்பு எப்போதும் கீழே இழுக்கிறது, ஆகவே கடைசி வரை கழித்தல்தான்.

முதல் கணக்கை வீட்டுத் தரையிலேயே போடலாம்

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு கோலி, ஒரு மேசை, கார்பன் தாள் ஒன்று, வெள்ளைத்தாள் ஒன்று. அட்டையை மடித்து ஒரு சின்ன சறுக்குப்பாதை செய்து மேசை மேல் வையுங்கள். அதன் கடைசிப் பகுதி மேசை ஓரத்தில் நன்றாகக் கிடைமட்டமாக முடிய வேண்டும். கொஞ்சம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்திருந்தால் தொடக்கச் செங்குத்து வேகம் பூஜ்யமாக இருக்காது, கணக்கு முழுவதும் கெட்டுவிடும். மேசை ஓரத்திலிருந்து ஒரு நூலில் சிறு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஓரத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள்.

சறுக்குப்பாதையில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே கோலியை விடுங்கள். தள்ளக் கூடாது, விரலை எடுத்தால் போதும். கோலி விழும் இடத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி, மேலே கார்பன் தாளை மைப்பக்கம் கீழாக வையுங்கள். சில முறை விட்டதும் கார்பனைத் தூக்கிப் பார்த்தால் புள்ளிகள் ஓர் இடத்தில் கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து நூல் காட்டிய புள்ளி வரை அளந்தால் அதுதான் நெடுக்கம்.

மேசை உயரம் 80 செ.மீ., நெடுக்கம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்தில் தொடங்குங்கள்: 0.8 = ½ × 10 × நேரம்², ஆகவே நேரம்² = 0.16, நேரம் = 0.4 வினாடி. இந்த 0.4ஐ நடுக்கோட்டில் எழுதுங்கள். இனி இடப்பக்கம்: 0.6 = கிடைத்தள வேகம் × 0.4, ஆகவே வேகம் 1.5 மீ/வி. கடிகாரம் இல்லாமலே கோலியின் வேகத்தை அளந்துவிட்டீர்கள்!

அடுத்ததுதான் உண்மையான சோதனை. அதே சறுக்குப்பாதையை 45 செ.மீ. உயரமுள்ள ஒரு முக்காலியில் வையுங்கள். கோலியை விடுவதற்கு முன்பே சொல்லுங்கள், எங்கே விழும்? விழும் நேரம் 0.3 வினாடி, வேகம் அதே 1.5, ஆகவே 45 செ.மீ. தள்ளி. அந்த இடத்தில் ஒரு கோப்பையை வைத்துப் பிடிக்கப் பாருங்கள். கோப்பை வைத்தால் கோலி தரை வரை போகாது, கோப்பையின் வாய் உயரம் வரைதான் விழும். அந்த உயரத்தைக் கழித்துவிட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சறுக்குப்பாதையின் உயரத்தை வைத்து ஆற்றல் அழிவின்மையால் வேகத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பீர்கள். விடை அளந்ததைவிட அதிகமாக வரும். உருளும் கோலியின் இயக்க ஆற்றலில் 7இல் 2 பங்கு அதன் சுழற்சியில் இருக்கிறது, முன்னேறும் வேகத்துக்கு மீதிதான். அளந்த வேகத்தையே நம்புங்கள்.

இதே கோலியின் பாதையை வரைபடத்தாளில் வரைந்து பாருங்கள். 0.1 வினாடிக்கு ஒரு புள்ளி. பக்கவாட்டில் 15, 30, 45, 60 செ.மீ. என்று சம இடைவெளியில் போகும். கீழ்நோக்கி 5, 20, 45, 80 செ.மீ. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே கீழிறங்கியது 5, 15, 25, 35. அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். இந்த ஒற்றைப்படை எண்களைக் கண்டவர் கலிலியோ. பக்கவாட்டுத் தொலைவு இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இறக்கம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால் அந்த வளைகோடு பரவளையம். சமன்பாட்டை வருவிப்பதற்கு முன் இந்தப் புள்ளிகளை ஒரு முறையாவது சொந்தக் கையால் இணைத்துப் பாருங்கள்.

சாய்வாக எறிந்தால்

இப்போது பந்துக்குத் தொடக்கத்திலேயே இரண்டு பக்கத்திலும் வேகம் உண்டு. 20 மீ/வி வேகத்தில், கிடைத்தளத்தோடு 30° கோணத்தில் தரையிலிருந்து எறிகிறோம். முதல் வேலை அந்த 20ஐ இரண்டு கூறுகளாகப் பிரிப்பது.

கிடைத்தள வேகம் = 20 × கொசைன் 30° = 17.32 மீ/வி
செங்குத்து வேகம் = 20 × சைன் 30° = 10 மீ/வி

கொசைன் எதற்கு, சைன் எதற்கு என்று குழம்பினால் படத்தைப் பாருங்கள். கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் கொசைன், எதிரே இருப்பதற்குச் சைன். 'செங்குத்துக்கு எப்போதும் சைன்' என்று மனப்பாடம் செய்தால், கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து கொடுக்கும் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சைன் 30° அடித்தால் 0.5 வர வேண்டும்.

பிரித்த பிறகு அந்த 20ஐ மறந்துவிடுங்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: கூறு பிரித்துவிட்டு, செங்குத்துச் சமன்பாட்டில் 10க்குப் பதிலாக 20ஐப் போடுவது. தாளில் இடப்பக்கம் 17.32, வலப்பக்கம் 10. 20க்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

வலப்பக்கத்தில், செங்குத்து வேகம் 10. ஒவ்வொரு வினாடியும் 10 குறைகிறது. ஆகவே 1 வினாடியில் உச்சி. அந்த ஒரு வினாடியில் செங்குத்து வேகம் 10இலிருந்து பூஜ்யம் வரை சீராகக் குறைந்தது, சராசரி 5, அதனால் உயரம் 5 மீ. இறங்க இன்னொரு வினாடி. மொத்தம் 2 வினாடி. இடப்பக்கத்தில் 17.32 × 2 = 34.6 மீ. முடிந்தது. எந்தச் சூத்திரத்தையும் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்கவில்லை.

உச்சியில் வேகம் என்ன? பூஜ்யம் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். செங்குத்து வேகம்தான் பூஜ்யம். இடப்பக்கத்தின் 17.32 மீ/வி அப்படியே இருக்கிறது, பந்து உச்சியைக் கடப்பது அந்த வேகத்தோடுதான். முடுக்கம்? அங்கேயும் 10, கீழ்நோக்கி. உச்சியில் முடுக்கம் பூஜ்யமாகியிருந்தால் பந்து அதன் பிறகு வளையாமல் நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

45° ஏன்?

இப்போது அதே 20 மீ/வி, 60° கோணத்தில். கிடைத்தளம் 10, செங்குத்து 17.32. இரண்டு எண்களும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். ஏற 1.73 வினாடி, மொத்தம் 3.46 வினாடி, நெடுக்கம் 10 × 3.46 = 34.6 மீ. 30°க்கு வந்த அதே விடை! உயரம் மட்டும் 15 மீ.

ஏன் என்பது தாளிலேயே தெரிகிறது. பறக்கும் நேரம் செங்குத்து வேகத்தைப் பொறுத்தது. நெடுக்கம் என்பது அந்த நேரத்தைக் கிடைத்தள வேகத்தால் பெருக்கியது. ஆக நெடுக்கம் இரண்டு கூறுகளின் பெருக்கலைப் பொறுத்தது, எது எந்தப் பக்கம் இருந்தாலும் பெருக்கல் ஒன்றுதான். கூட்டினால் 90° வரும் எந்த இரண்டு கோணங்களுக்கும் இது பொருந்தும்: 20°, 70°, அல்லது 15°, 75°.

பெருக்கல் எப்போது மிகப் பெரிதாக இருக்கும்? இரண்டு கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 400 வர வேண்டும் என்பது கட்டுப்பாடு. அப்படியிருக்கும்போது இரண்டும் சமமானால்தான் பெருக்கல் உச்சத்தைத் தொடும். சமமாவது 45°இல். அங்கே இரண்டும் 14.14, நேரம் 2.83 வினாடி, நெடுக்கம் 40 மீ. மூன்று துண்டாகத் தவறான பாதை வரைந்த அதே டார்டாக்லியா, பீரங்கியை 45°இல் வைத்தால்தான் குண்டு மிகத் தூரம் போகும் என்பதைச் சரியாகச் சொல்லியிருந்தார். பாதை தவறு, கோணம் சரி. எனக்கு இது ஆச்சரியமான வரலாறு.

மாடியிலிருந்து எறிந்தால்

தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். அதே 20 மீ/வி, 30°, ஆனால் 15 மீ. உயரமுள்ள மாடியிலிருந்து. இடப்பக்கம் 17.32, வலப்பக்கம் 10, எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: பந்து விழும் இடம் தொடங்கிய இடத்துக்கு 15 மீ. கீழே. அதாவது செங்குத்து இடப்பெயர்ச்சி −15.

−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

ஒழுங்குபடுத்தி 5ஆல் வகுத்தால் நேரம்² − 2 × நேரம் − 3 = 0. விடைகள் 3, −1. மூன்று வினாடியில் தரை, நெடுக்கம் 17.32 × 3 = 52 மீ.

"−1ஐ என்ன செய்வது?" என்று கேட்பார்கள். கணக்குக்கு வேண்டாம் என்று அடித்துவிடலாம், ஆனால் அதற்குப் பொருள் இருக்கிறது. மாடியில் கையை விட்டபோது பந்துக்கு இருந்த அதே வேகத்தோடு அதே இடத்தைக் கடக்கும்படி, தரையிலிருந்து ஒருவர் எறிந்திருந்தால் அவர் 1 வினாடி முன்பே எறிந்திருக்க வேண்டும். பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால் தரையைத் தொடும் இடம் அது. மாடி எங்கே இருந்தது என்று சமன்பாட்டுக்குத் தெரியாது, பரவளையம் முழுவதையும் அது சொல்லிவிடுகிறது.

விழும் வேகத்தையும் பார்த்துவிடலாம். செங்குத்து: 10 − 30 = −20. கிடைத்தளம்: 17.32. இரண்டின் வர்க்கங்களின் கூட்டல் 400 + 300 = 700, அதன் வர்க்கமூலம் 26.5 மீ/வி. சரிபார்க்க வேறொரு வழி: ஆற்றல் அழிவின்மைப்படி வேகத்தின் வர்க்கம் 20² + 2 × 10 × 15 = 700. பொருந்துகிறது. இரண்டு வழியில் ஒரே எண் வந்தால் அந்த விடையைக் கவலையில்லாமல் விட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

உயரத்திலிருந்து எறியும்போது 45° மிகச் சிறந்த கோணமாக இருப்பதில்லை. குண்டு எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். வீரரின் கையிலிருந்து குண்டு ஏறக்குறைய 2 மீ. உயரத்தில் விடுபடுகிறது. 14 மீ/வி வேகத்தில் 45°இல் எறிந்தால் 21.83 மீ., 42°இல் எறிந்தால் 21.91 மீ. (இங்கே 9.8 போட்டிருக்கிறேன்.) 8 செ.மீ. பதக்கத்தையே மாற்றக்கூடிய வித்தியாசம். நிஜத்தில் வீரர்கள் இன்னும் தாழ்வாக, பெரும்பாலும் 40°க்கும் கீழே எறிகிறார்கள். கோணம் கூடக்கூடக் கையால் கொடுக்க முடிகிற வேகம் குறைகிறது என்பதே காரணம். நீளம் தாண்டுதலில் இது இன்னும் அப்பட்டம். மைக் பவல் 1991இல் டோக்கியோவில் 8.95 மீ. தாண்டிச் சாதனை படைத்தார். நீளம் தாண்டும் வீரர்கள் தரையை விட்டுக் கிளம்பும் கோணம் ஏறக்குறைய 20°தான். ஓடிவந்த வேகம் முழுவதும் இடப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலின் ஒரு உதையில் அதற்குச் சமமான செங்குத்து வேகத்தை யாராலும் உண்டாக்க முடியாது.

காற்றை எப்போது கணக்கில் எடுக்க வேண்டும்?

கனமான, சிறிய, மெதுவாகப் போகும் பொருளுக்கு நம் தாள் நன்றாகவே பொருந்தும். கோலி, குண்டு, மெதுவாக வீசிய கிரிக்கெட் பந்து எல்லாம் சரி. இறகுப்பந்துக்கு அறவே பொருந்தாது. காற்றுத்தடை இடப்பக்கத்து வேகத்தையும் தின்னும், அதனால் பாதை சமச்சீராக இருக்காது. ஏறியதைவிடச் செங்குத்தாக இறங்கும், நெடுக்கமும் குறையும். காற்றே இல்லாத நிலவில் நம் தாள் அச்சுப் பிசகாமல் வேலை செய்யும். அங்கே ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி², இங்குள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 1971இல் அப்பல்லோ 14இன் ஆலன் ஷெப்பர்ட் அங்கே கோல்ஃப் பந்து அடித்தார். அதே வேகம், அதே கோணம் என்றால் நேரம், உயரம், நெடுக்கம் மூன்றுமே ஏறக்குறைய ஆறு மடங்கு.

உங்கள் பந்துக்குத் தாள் எவ்வளவு பொருந்துகிறது என்று கைபேசியிலேயே சோதிக்கலாம். கைபேசியை அசையாமல் நிறுத்தி, பந்து போகும் தளத்துக்கு நேர் எதிராக, சில மீட்டர் தள்ளி வையுங்கள். நீளம் தெரிந்த ஒரு குச்சி பந்து போகும் அதே தளத்தில் படத்தில் தெரிய வேண்டும். குச்சி பின்னால் சுவரோரம் இருந்தால் அளவு தவறிவிடும். வினாடிக்கு 30 படம் என்றால் மூன்று படத்துக்கு ஒரு முறை பந்தின் இடத்தைக் குறித்தால் 0.1 வினாடி இடைவெளி கிடைக்கும். பக்கவாட்டு இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை சுருங்கிக்கொண்டே போனால் காற்று வேலையைக் காட்டுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. தாளில் கோடு போட்டுக்கொண்டு நீங்களே செய்யுங்கள். 20 மீ/வி வேகத்தில் தரையிலிருந்து பந்தை எறிகிறீர்கள். 26 மீ. தள்ளி 4 மீ. உயரச் சுவர். 30°இல் எறிந்தால் தாண்டுமா, 60°இல்? இம்முறை இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும், ஏனென்றால் தொலைவு தெரியும். 30°இல் சுவரை அடைய 1.5 வினாடி, அப்போது உயரம் 15 − 11.25 = 3.75 மீ., சுவரின் உச்சிக்கு 25 செ.மீ. கீழே மோதும். 60°இல் 2.6 வினாடி, உயரம் 45 − 33.8 = 11.2 மீ., தாராளமாகத் தாண்டும். சுவர் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கும். 30°ஐயே வைத்துக்கொண்டு சுவரைத் தாண்ட எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையும் கண்டுபிடியுங்கள். 20.2 மீ/விக்குச் சற்று மேலே ஒரு விடை வர வேண்டும்.